வார் யார் கையில் இருந்தது?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் ஒரு கென்னலில் மூன்று ஆண்டுகள் உதவியாளராக இருந்துவிட்டு, ஓராண்டாகத் தனியாக வீடு வீடாகச் சென்று நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நாய்களோடு எனக்குச் சிக்கலே இல்லை. வளர்ப்பவர்களோடுதான். வடவள்ளியில் ஒரு வீட்டில் பதினொரு மாத லேப்ரடார். வருகிறவர்கள் மேலெல்லாம் தாவும். சாப்பாட்டு மேசை அருகே நின்று குரைக்கும். 15 வகுப்புகள் எடுத்தேன். என்னிடம் தங்கமாக நடந்துகொண்டது. கடைசி நாள் குடும்பமே கைதட்டியது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரர் போனில், "எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இதற்கா அவ்வளவு பணம் வாங்கினீர்கள்?" என்கிறார். போய்ப் பார்த்தால் பாட்டி மேசையிலிருந்து இட்லி கொடுக்கிறார், பேரன் அது தாவும்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிறான், அப்பா செய்தித்தாளைச் சுருட்டி அடிக்கிறார். சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. பேசாமல் நாயை ஒரு மாதம் என் இடத்திலேயே தங்கவைத்துப் பழக்கித் திருப்பிக் கொடுக்கும் முறைக்கு மாறிவிடலாமா? மனிதர்களோடு மல்லுக்கட்டுவதாவது மிச்சமாகும்.

பதில்: தம்பி, பாட்டியின் இட்லியை விட அந்தக் கடைசி நாள் கைதட்டல்தான் என்னை அதிகம் உறுத்தியது.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கும் கைதட்டல் பிடித்திருந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. மூன்று வயது ஜெர்மன் ஷெப்பர்ட். தபால்காரரை வாசல் பக்கம் அண்டவிடாது. ஆறு வாரத்தில், நான் ஒரு விரலைத் தாழ்த்தினால் படுத்துவிடும் அளவுக்குப் பழக்கிவிட்டேன். அந்த வீட்டு அம்மாள் தெரு முழுக்கச் சொன்னார், "அந்தப் பெண்ணுக்குக் கைராசி" என்று. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு மாதத்தில் தபால்காரர் மறுபடியும் கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என் மேல் கோபப்படவில்லை. "நீ வந்தால் கேட்கிறது, எங்களுக்கு அந்த ராசி இல்லையம்மா" என்று வருத்தப்பட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கைராசிக்காரர் என்று பெயரெடுப்பது டாக்டருக்கு நல்லது. நமக்கு அது தோல்விச் சான்றிதழ். நாய் நம் கையில் அழகாக நடப்பதைப் பார்க்கப் பார்க்க, இது நம்மால் ஆகிற காரியமில்லை என்ற எண்ணம் அந்தக் குடும்பத்துக்கு உறுதிப்படுகிறது. 15 வகுப்புகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதினைந்து மணி நேரத்தில் நாயைப் பிடிக்கும் வார் உங்கள் கையில் எவ்வளவு நேரம் இருந்தது, அவர்கள் கையில் எவ்வளவு நேரம் இருந்தது? மனசாட்சியோடு கணக்குப் போடுங்கள். என் இன்றைய வழக்கம் இது: ஒரு மணி நேர வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் வார் என் கையில் இருக்காது. மிச்ச நேரம் அவர்கள் பிடிப்பார்கள், சொதப்புவார்கள், வாரைக் காலில் சுற்றிக்கொள்வார்கள், பிஸ்கட்டைத் தாமதமாகக் கொடுப்பார்கள். பார்க்க எரிச்சலாக இருக்கும். "இப்படிக் கொடுங்கள், நான் காட்டுகிறேன்" என்று பிடுங்கத் தோன்றும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நான் உண்மையாகவே கட்டிக்கொள்வேன்.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற கணித ஆசிரியருடையது. கூட்டல் கழித்தல் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதைப் பொறுமையாகச் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் தம்மை அறியாமல் இம்மி அசைந்திருக்கின்றன. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கணக்கு அதற்குத் தெரியாது, மனிதர்களைத் தெரியும். வடவள்ளி லேப்ரடாரும் அப்படித்தான். உங்கள் தோள் நிற்கும் விதம், நீங்கள் மூச்சு விடும் விதம், "சிட்" என்பதற்கு அரை நொடி முன்னால் உங்கள் கை இடுப்புப் பைக்குப் போகும் விதம், இவ்வளவையும் சேர்த்துத்தான் அது கட்டளை என்று படித்து வைத்திருக்கிறது. அந்த வீட்டு அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி "சிட்" என்கிறபோது, அது கேட்பது அதற்குத் தெரியாத வேறொரு மொழி. அடம் பிடிக்கிறது என்கிறார் அவர். பாவம், அதற்குப் புரியவில்லை.

தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. குவாலியர் அருகே டெக்கான்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையம் இருக்கிறது. பல மாநிலங்களின் போலீஸ் நாய்கள் அங்கே பழகி வருகின்றன. நாயை மட்டும் ரயிலேற்றி அனுப்பிவிட்டு, பழகியதும் வாங்கிக்கொள்கிறார்களா? அதைக் கையாளப் போகிற காவலரும் கூடவே போய் மாதக்கணக்கில் தங்குகிறார். அரசாங்கமே இருவரையும் ஜோடியாகத்தான் பழக்குகிறது. உங்கள் இடத்தில் ஒரு மாதம் தங்கும் நாய், உங்கள் இடத்தில் ஒழுங்காக இருக்கக் கற்றுக்கொள்ளும். வீட்டுக்குத் திரும்பிய அன்று மாலையே மேசை அருகே போய் நிற்கும், ஏனென்றால் அந்த மேசையும் அந்தப் பாட்டியும் அப்படியே இருக்கிறார்கள். போதாததற்கு, அந்த ஒரு மாதத்தில் நாய்க்குப் பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய் வந்தாலும் காது சீழ் பிடித்தாலும் பழி உங்களைத்தான் சேரும். மனிதர்களோடு மல்லுக்கட்டுவது மிச்சமாகும் என்கிறீர்கள். தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதுவும் இதைவிடப் பெரிய தொகை வாங்கிய பிறகு.

சரி, அவர்கள் கேட்பதில்லை என்கிற புகாருக்கு வருகிறேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஊகிக்கிறேன்: "மேசையிலிருந்து கொடுக்கக் கூடாது, தாவினால் கொஞ்சக் கூடாது, அடிக்கக் கூடாது." நாய்க்கு நாம் ஒருபோதும் இப்படிக் கற்றுக்கொடுப்பதில்லை, கவனித்தீர்களா? தாவாதே என்று நாய்க்குச் சொல்லிப் பயனில்லை, அந்த இடத்தில் செய்ய வேறொரு வேலை கொடுக்க வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும், உட்கார்ந்தால் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பது நமக்கு மனப்பாடம். மனிதர்கள் என்று வந்ததும் மறந்துவிடுகிறோம். கூடாது, கூடாது, கூடாது என்று பட்டியல் வாசித்துவிட்டு வந்துவிடுகிறோம்.

முதல் நாள் ஒரு வீட்டுக்குப் போனால் அரை மணி நேரம் நான் நாயைத் தொடுவதே இல்லை. காபி கொடுத்தால் குடிக்கிறேன். காலையில் முதலில் எழுகிறவர் யார், நாய்க்குச் சாப்பாடு வைப்பது யார், வெளியே கூட்டிப்போவது யார், ராத்திரி அது எங்கே படுக்கிறது என்று அந்த வீட்டின் ஒரு நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நாய் வேண்டும் என்று யார் கேட்டது, வேண்டாம் என்று யார் சொன்னது என்பது மிக முக்கியமான கேள்வி. பல வீடுகளில் நாயைக் கேட்டு வாங்கிய மகன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். வேண்டாம் என்று சொன்ன அம்மாதான் மூன்று வேளையும் அதன் பின்னால் ஓடுகிறார். இன்னும் சில வீடுகளில் நாயின் உண்மையான எஜமானர் பாத்திரம் கழுவ வருகிற அக்காவோ, அடுக்குமாடியின் வாட்ச்மேனோதான். பணம் கொடுக்கிறவருக்கு மட்டும் வகுப்பு எடுத்துவிட்டு வந்தால் நாயோடு வாழ்கிறவர் விட்டுப்போகிறார். நங்கநல்லூரில் ஒரு வீட்டில் என் சிறந்த மாணவி வேலைக்கு வந்த அம்மாதான். இரண்டாவது வாரமே பிஸ்கட்டை எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்கே சொன்னார்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அது பள்ளிக்கூடக் கேள்வி. பெரியவர்கள் அதற்குப் பொய்தான் சொல்வார்கள். "நேற்று விருந்தினர் வந்தபோது என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது அவர்களுக்கே ஓரிடத்தில் புரியும்.

வீட்டுப்பாடம் கொடுக்கும்போது தினமும் இருபது நிமிடம் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லாதீர்கள். எவரும் செய்ய மாட்டார்கள். நானே என் பிசியோதெரபி பயிற்சிகளைச் செய்வதில்லை. ஏற்கெனவே தினமும் நடக்கிற காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்கும்முன் நாய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வேளைச் சாப்பாடு என்றால் வாரத்துக்கு 14 முறை பயிற்சி தானாக நடந்துவிடும், தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் போனதும் முதலில் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பாதி சரியாக இருந்தாலும் அந்தப் பாதியைக் குறிப்பிட்டுச் சொல்லிப் பாராட்டுங்கள். நாய் உட்கார்ந்த ஒன்றிரண்டு நொடிக்குள் பிஸ்கட் போக வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். அந்த அம்மா முதன்முறை சரியான நேரத்தில் பிஸ்கட் கொடுக்கும்போது அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

இடையில் ஒன்று. சைவ வீடுகளில் கோழி ஈரலைப் பையில் போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்து, சமையலறை வாசலை மட்டுமல்ல, அந்தத் தெருவையே இழந்திருக்கிறேன். பன்னீர்த் துண்டு, வேகவைத்த கேரட், கொஞ்சம் தேங்காய்க் கீற்று போதும், நாய்கள் உயிரை விடும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் மட்டும் ஆகவே ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேசரியிலிருந்து முந்திரியோடு திராட்சையும் போய்விடும்.

அப்பாவும் செய்தித்தாளும். மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோர் முன்னாலும் "சார், அடிக்கக் கூடாது" என்று சொல்லியிருப்பீர்கள். அந்த நிமிடம் அவரை இழந்துவிட்டீர்கள். நாய்க்குத் தலைவன் யார் என்று காட்ட வேண்டும் என்று அவர் எங்கோ கேட்டிருப்பார். ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் 1947-ல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவிய எண்ணம் அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், தலைமைக்குச் சண்டை போடும் கூட்டமில்லை என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-ல் எழுதினார். அதற்கு முன்னால் அந்த எண்ணம் பரவ அவருடைய எழுத்தும் ஒரு காரணம். நீங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஆனால் அந்த அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை. வாதத்தில் ஜெயித்த பயிற்சியாளரை எந்த வீட்டிலும் இரண்டாவது முறை கூப்பிடுவதில்லை. தனியாக வாசலில் செருப்பு மாட்டும்போது கேளுங்கள்: "சார், அடித்த பிறகு எத்தனை நாள் தாவாமல் இருந்தது?" அவருக்குப் பதில் தெரியும். அடுத்து அவருக்கு ஒரு பதவி கொடுங்கள். காலிங்பெல் அடித்தால் வாரை மாட்டி நாயைப் பிடிப்பது அப்பாதான், அது நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் விருந்தினரிடம் விடுவது அப்பாவின் முடிவு என்று. அடிக்கிற மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் வேறு வழி இல்லாமல் அடிக்கிறவர்கள். கொடுமைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன், அங்கிருந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பேரன் எளிது. நாய் உட்கார்ந்தால் மட்டும் கட்டிப்பிடிக்கலாம் என்ற விளையாட்டைச் சொல்லிக்கொடுத்து, மற்றவர்கள் தப்புச் செய்தால் கண்டுபிடிக்கும் அதிகாரத்தையும் அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு அந்த வீட்டில் எவரும் தப்பிக்க முடியாது.

பணம், மரியாதை பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் "இதற்கா அவ்வளவு பணம்" என்ற வரியை நீங்கள் எழுதிய விதத்திலேயே வலி தெரிகிறது. நம்மைச் சில வீடுகளில் "நாய்க்காரர்" என்பார்கள். பின்வாசல் வழியே வரச் சொல்வார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. அதற்கு முறைத்துக்கொண்டு நிற்பதால் பயனில்லை. ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் பயிற்சியாளர் செய்ய வேண்டியவை, குடும்பத்தினர் செய்ய வேண்டியவை என்று தமிழில் எழுதி, முதல் நாளே உட்கார்ந்து வாசித்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நின்றுகொண்டு கையெழுத்து வாங்க முடியாது, எனவே நாற்காலி தானாக வந்துவிடும். ஐந்து வகுப்புக்கு ஒருமுறை முன்பணம் வாங்குங்கள். "சரியாகிவிடும்" என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து நீக்குங்கள். நாய் மெக்கானிக் கடைக்கு வந்த வண்டியில்லை. கடைசி வகுப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு வகுப்பு உண்டு என்று தொடக்கத்திலேயே கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த ஒன்று இருந்திருந்தால் வடவள்ளிக்காரர் உங்களைத் திட்ட போன் செய்திருக்க மாட்டார், "அடுத்த வாரம் வருகிறீர்கள் அல்லவா?" என்று கேட்கச் செய்திருப்பார்.

நாயின் ரேபிஸ் தடுப்பூசிச் சீட்டை முதல் நாளே கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்களும் முன்னெச்சரிக்கைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பல் பட்டால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைதான். வீட்டுக்காரர் "எங்கள் நாய்க்கு ஒன்றுமில்லை" என்று எவ்வளவு சொன்னாலும் சரி. இதுவரை சாதுவாக இருந்து திடீரென்று உறுமுகிற நாய் என்றால் உங்களுக்கு முன்னால் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். காதுவலியையும் இடுப்பு மூட்டு வலியையும் பிஸ்கட்டால் தீர்க்க முடியாது.

இனி பாட்டி. அவர் தினமும் கொடுப்பதில்லை என்று நினைக்கிறேன். மகன் பார்க்காதபோது, மனம் இளகும்போது, பத்து முறைக்கு ஒருமுறை கொடுப்பார். அதுதான் ஆபத்து. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துச் சோதித்த தம் கூண்டுகளில் கண்டது இதையே: எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைக்கிற பரிசு, தினமும் கிடைப்பதை விட ஆழமாக ஒட்டிக்கொள்கிறது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை ஒழித்த பிறகும் வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குப் போய் டிக்கெட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே, ஒருமுறை ஐந்நூறு ரூபாய் விழுந்த நினைப்பில். அந்த லேப்ரடாரும் தினமும் மேசைக்கு டிக்கெட் வாங்க வருகிறது. திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள் முன்னைவிட அதிகமாகக் குரைக்கும். இதை முன்கூட்டியே சொல்லவில்லையென்றால், மூன்றாம் நாள் பாட்டியால் தாங்க முடியாமல் கொடுத்துவிடுவார். உரக்கக் குரைத்தால் கிடைக்கும் என்ற புதுப் பாடத்தோடு நாய் தூங்கப் போகும். சொல்லிவிட்டால், "அந்தப் பையன் சொன்ன மாதிரியே குரைக்கிறது பார்" என்பார்கள். உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

ஆனாலும் அவரை நிறுத்தச் சொல்லாதீர்கள். தம் கையால் ஒரு உயிருக்கு ஒரு வாய் கொடுப்பது அந்த வயதில் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். வீட்டில் வேறு எவரும் அவர் ஊட்டிச் சாப்பிடுவதில்லை. இடத்தை மட்டும் மாற்றுங்கள். குடும்பம் சாப்பிட்டு எழுந்த பிறகு, பின்கட்டில், நாயின் சொந்தத் தட்டில், சட்னி இல்லாமல் கால் இட்லி, அதுவும் அது உட்கார்ந்த பிறகு. இனி அந்த வீட்டில் இட்லி போடும் உரிமை பாட்டிக்கு மட்டும்தான் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்துவிடுங்கள். அவர் "சிட்" என்றெல்லாம் சொல்ல மாட்டார். "உட்காருடா கண்ணா" என்பார். திருத்தாதீர்கள். நாளையிலிருந்து அந்த வீட்டில் அதுதான் கட்டளை என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.